மணிலாக் கொல்லை

அண்ணனூர்ப் பக்கம் வேம்புலியம்மாளைப் பற்றி விசாரித்தால், யாரும் முதலில் அவள் உழைப்பைச் சொல்ல மாட்டார்கள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் முழு நியாயமும் இல்லை. பதினாலு வயசில் காட்டுப்பாக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு காணி நிலத்தை இருபத்தைந்து வருஷம் கையால் தடவித் தடவிக் கொல்லையாக ஆக்கினாள். கையை இறுக்கிப் பிடித்ததால்தான் நிலம் கையில் நின்றது என்பது அவள் கட்சி.

அந்தக் கொல்லையில் விளைந்தது மணிலா. பட்டணத்துக்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். ஆவடி, அம்பத்தூர் பக்கமெல்லாம் அதற்கு மணிலா என்றே பெயர். அவித்தாலும் மணிலா, வறுத்தாலும் மணிலா, செக்கில் ஆட்டினால் மணிலா எண்ணெய். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. அரிசிக்கு ஏன் அரிசி என்று பெயர் என்று யாராவது கேட்கிறார்களா?

மணிலாவுக்கு ஓர் ஊர்க்கட்டு உண்டு. எவ்வளவுதான் பார்த்துப் பிடுங்கினாலும் கொஞ்சம் காய் மண்ணுக்குள் தங்கிவிடும். அது நிலமில்லாதவர்களுக்கு. அறுவடை முடிந்ததும் நிலக்காரர் வரப்பில் நின்று, "கொல்லை உட்டாச்சு" என்று மூன்று தரம் கூவ வேண்டும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் இறங்கிக் கிளறிப் பொறுக்கலாம். கூவுவதற்கு முன்னால் எவரும் கால் வைக்கக் கூடாது. கூவின பிறகு நிலக்காரர் குனியக் கூடாது.

மற்றவர்கள் அறுவடையன்று சாயங்காலமே கூவிவிடுவார்கள். வேம்புலியம்மாள் கூவ மாட்டாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் ஒரு தடவை கிளறுவாள், அதற்கு மறுநாள் இன்னொரு தடவை. போன வருஷம் மூன்று நாள் ஆக்கினாள். கூடையோடு வரப்பில் காத்துக்கிடந்த கன்னியம்மாள் என்கிற கூலிக்காரி பொறுக்க மாட்டாமல், "எக்கா, மண்ணையும் சலிச்சு எடுத்துகினு பூடு, ஊட்டுல பூச உதவும்!" என்று கத்தினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஜப்பான் சண்டைக்குள் குதித்த மார்கழி அது. வேம்புலியம்மாள் விதைக்காக மணிலாவை உடைத்துக்கொண்டிருந்தாள். விதைப்பருப்பு சிவப்புத் தோல் கீறாமல் வர வேண்டும். அதனால் கட்டையால் தட்ட மாட்டாள். ஒவ்வொரு காயாக விரலால் நசுக்கி உடைப்பாள். புருஷன் பரந்தாமன் டீக்கடையில் யாரோ படித்த பேப்பரைக் காதால் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அக்கறை உள்ள மனுஷன்.

"இன்னாம்மே, விசயம் தெரியுமா? மணிலாவ ஜப்பான்காரன் புட்சிட்டானாம்."

"இன்னாய்யா ஒளர்ற?"

"மணிலான்னு ஒரு ஊரு கீதாம். கடல் மேல நம்ம மெட்ராஸ் மாதிரி. கப்பல் வந்து நிக்கிற ஊரு. அங்கேர்ந்துதான் நம்ம கொட்டையே கப்பலேறி வந்துச்சாம், அதனாலதான் அந்தப் பேராம். டீக்கடையில சொன்னாங்கோ."

வேம்புலியம்மாள் கையிலிருந்த பருப்பைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் நிலத்திலேயே முளைத்து வந்தது என்று நினைத்திருந்த பொருள் கடல் தாண்டி வந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருந்தது.

"அந்த ஊர்லயும் கொல்லை வெச்சிருக்கவங்கோ இருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள்.

"இல்லாமலா?"

"அப்ப அவங்க கொல்லைய இன்னா பண்ணானாம் ஜப்பான்காரன்?"

அது பேப்பரில் வரவில்லை. பரந்தாமன் மறுபடியும் டீக்கடைக்குப் போய்விட்டான். அவள் விதையை உடைத்து முடித்து, அந்த வாரமே கொல்லையில் ஊன்றினாள்.

பங்குனியில் பயிர் முழங்கால் மறைய நின்றது. பூ உதிர்ந்து, விழுது மண்ணுக்குள் இறங்கி, காய் பிடித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் சைக்கிளில் ஒருவர் வந்தார். பூந்தமல்லிக்காரர், பெயர் டேவிட். ஆவடிப் பக்கம் ராணுவச் சாமான் கிடங்காக வந்துகொண்டிருந்த டெப்போவில் கிளார்க்கு. பின்னாலேயே ஒரு ஜீப்பில் வெள்ளைக்காரத் துரை ஒருவர். டேவிட் ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார்.

"அம்மா, இந்தப் பக்கத்து நெலமெல்லாம் டெப்போவுக்கு எடுத்தாச்சு. உங்கள்தும் சேர்த்திதான். நஷ்டஈடு பின்னால வரும்."

அதற்குள் ஆட்கள் முளையடித்துக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெளிறிய மஞ்சளில் முரட்டுக் கயிறு. அது அவள் செடிகளின் மேலேயே விழுந்து இழுபட்டது. அவள் ஓடிப்போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"பார்த்தும்மா, அறுத்துடாதீங்க!" என்று டேவிட் பதறினார். "மணிலாக் கயிறு அது. இனிமே கெடைக்காது. அந்த ஊரையே ஜப்பான்காரன் வச்சிருக்கான்."

"கவுறும் மணிலாவா?"

"ஆமாம்மா. அங்க ஒரு நாரு உண்டு, அதுல திரிக்கிறது. உங்க கையில கீற கவரைக் கூட மணிலா கவர்னுதான் சொல்வோம். அதே நாரு."

வேம்புலியம்மாள் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது.

"நல்ல ஊருப்பா அது! துண்றதுக்கும் அதே, கட்றதுக்கும் அதே, குடியக் கெடுக்கிற காயிதத்துக்கும் அதே. சரி, பயிர் நிக்கிற நெலத்த எந்த சர்க்காராவது எடுக்குமா? கேளு உன் தொரய."

டேவிட் இங்கிலீஷில் கேட்டார். துரை கொல்லையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"பயிர் எங்கே, வெறும் கீரைதானே கெடக்குதுங்கிறார்மா. அளந்தவங்களும் தரிசு, மாட்டுத் தீவனம்னு எழுதிட்டாங்க."

அளந்தவர் எந்த ஊர்க்காரரோ, பாவம். செடியில் ஒரு காய் தொங்கவில்லை, கதிர் இல்லை, பூசணிபோல் எதுவும் உருண்டு கிடக்கவில்லை. மண்ணுக்குக் கீழே இருப்பதை அளக்க அவரிடம் சங்கிலி இல்லை.

 வேம்புலியம்மாள் குனிந்து ஒரு செடியை அடியோடு பிடுங்கினாள். வளர்த்த கோழியை அறுக்கப் பிடித்துத் தருவதுபோல அவளுக்கு வலித்தது. மண்ணை உதறி, வெள்ளை வெளேரென்று பால் காய்கள் கொத்தாகத் தொங்கிய செடியைத் துரையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். துரை ஒரு காயைக் கிள்ளிப் பார்த்தார். உள்ளே தண்ணீராக இருந்தது.

"எத்தனை நாளில் முத்தும்?" என்று டேவிட் மூலமாகக் கேட்டார்.

"இன்னும் ஒரு மாசம் ஒரு வாரம்."

துரை கெட்டவர் இல்லை போலிருக்கிறது. சித்திரை பன்னிரண்டு வரை கொல்லையைத் தொடுவதில்லை என்று சொன்னார், டேவிட் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் கொல்லை ஓரத்துக் கிணறு, கயிறு கட்டிப் பிரித்த பக்கத்துச் சதுரத்தில் இருந்தது. அங்கே கூலியாட்களுக்குக் கொட்டகை வரப்போகிறது, அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். கிணற்றை அன்றைக்கே கயிறு கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

அவள் காட்டுப்பாக்கத்துக்கு நடந்தாள். அங்கே அவள் அண்ணன் ஆனந்தனுக்கு ஒரு காணி சும்மா கிடந்தது. அவன் ஒளிவு மறைவு இல்லாமல் பேசினான்.

"நெலம் தர்றேன் வேம்பு. வெளையறதுல பாதிக்குப் பாதி. ஆனா வெதை உன்னுது. மூணு மூட்டை காயாவது வோணும். ஆடிக்குள்ள வெதை வரலன்னா நான் சவுக்கு நட்டுடுவேன், அப்புறம் அஞ்சு வருசத்துக்கு அந்தப் பக்கம் திரும்பாத."

வெளியில் விதை வாங்கலாம் என்றால், இருந்த மணிலாவெல்லாம் எண்ணெய்ச் செக்குக்குப் போய்விட்டது. ஆக, மண்ணுக்குள் இருக்கும் அந்தக் காய்தான் அவளுக்கு அடுத்த நிலம். மூன்று மூட்டை வந்தால் காட்டுப்பாக்கத்தில் உழுது பிழைக்கலாம். வராவிட்டால் கன்னியம்மாளைப்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரார் வரப்பில் நிற்க வேண்டும். 

காய் முத்தினது. அதில் குறையில்லை. காயை உடைத்தால் ஓட்டின் உள்பக்கம் கறுத்திருந்தது, பருப்பு சிவந்திருந்தது. ஆனால் மணிலாவைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு தண்ணீர் விட வேண்டும். கிணறு போயிற்று, மழையும் இல்லை. மண் காய்ந்து இறுகிப்போய்க் கிடந்தது. செடியை இழுத்தால் செடி மட்டும் வந்தது, காயெல்லாம் கீழேயே அறுந்து நின்றது. களைக்கொத்து போட்டால் கொத்துதான் மழுங்கியது.

ஏர் ஓட்டிப் புரட்டலாம். அதற்கு மாடு வேண்டும். சரியாக அந்தச் சமயத்தில் மெட்ராஸ்மேல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாக ஆரம்பித்தது. பூந்தமல்லி ரோட்டில் எறும்புச் சாரியாக வண்டிகள். வண்டி வைத்திருந்தவனெல்லாம் சாமான் ஏற்றப் பட்டணம் போய்விட்டான். வீட்டு மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு முதலில் போனவன் பரந்தாமன்.

"ரெண்டே நாள்ம்மே. ஒரு நடை அடிச்சுட்டு வந்து ஏர் கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் எட்டாம் நாளும் வரவில்லை. கூலிக்கு வந்த ஆட்கள் அரை நாள் பிடுங்கிப் பார்த்தார்கள். கூலி பிடுங்கின காயில் பத்துக்கு ஒரு பங்கு. பிடுங்கினதே ஒரு கூடை என்றால் பங்கு எங்கே வரும்? அவர்களும் போய்விட்டார்கள். சித்திரை பன்னிரண்டு முடிந்தபோது வேம்புலியம்மாளிடம் இருந்தது அரை மூட்டை. விரல் நகமெல்லாம் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது.

மறுநாள் காலையில் டிராக்டர் வந்தது. இரும்புச் சக்கரம், பின்னால் வரிசையாகக் கலப்பைக் கொழு. நிலத்தைப் புரட்டிச் சமன் செய்ய வந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு ரோலர், மண்ணை அமுக்கிக் கெட்டிப்படுத்த. வேம்புலியம்மாள் வரப்பில் நின்றாள். கன்னியம்மாளும் இன்னும் பதினைந்து இருபது பெண்களும் கூடையோடு எதிர் வரப்பில் வந்து நின்றிருந்தார்கள். ஊருக்கே சேதி தெரியும், சோற்றுக்கு இல்லாதவர்களுக்கு முதலில் தெரியும்.

டிராக்டர் ஒரு சால் ஓட்டியது. கட்டாந்தரை கட்டி கட்டியாகப் பெயர்ந்து புரண்டது. அதோடு காய் வந்தது. கொத்துக் கொத்தாக, பொன் நிறத்தில், மண்ணோடு மண்ணாக மேலே வந்து விழுந்தது. களைக்கொத்துக்கு மசியாத நிலம் அது.

 காயும் இருக்கிறது, எதிரே இருபது கூடையும் இருக்கிறது. நிலம் நேற்றோடு அவளுடையது இல்லை.

டேவிட் நல்ல எண்ணத்தில்தான் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "ஏம்மா, நிக்கிறீங்களே! இப்ப சர்க்கார் நெலம் இது. யார் வேணா பொறுக்கலாம். உச்சிப் பொழுதுக்கு ரோலர் விட்டுடுவாங்க. சீக்கிரம்!"

ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் கன்னியம்மாளைப் பார்த்தார்கள். கன்னியம்மாள் வேம்புலியம்மாளைப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பேசாத வாய் திறந்தது.

"எக்கா. கொல்லை உட்டியா?"

சர்க்கார் சொல் ஒரு பக்கம் இருக்கட்டும், கூவினால்தான் கால் வைப்பார்கள். மூன்று நாள் வெயிலில் நிற்க வைத்தவளிடம் வந்து கேட்கிறாள். 

"உடல கன்னீ," என்றாள் வேம்புலியம்மாள். "நான் இன்னும் உடல. எனக்கு வெதைக்கு வோணும். மூணு மூட்டை."

கன்னியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். "அப்ப கூலிக்குப் பொறுக்கறோம். எட்டுக்கு ஒண்ணு."

"பத்துக்கு ஒண்ணு," என்றது வேம்புலியம்மாளின் வாய். குடி முழுகப்போகிற நேரத்திலும் பேரம் பேசுகிற வாய்! அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கன்னியம்மாள் சிரித்தாள்.

"நீ திருந்த மாட்டே. சரி, பத்தே இருக்கட்டும். எறங்குங்கடி!"

டிராக்டர் முன்னால் போக, பெண்கள் பின்னாலேயே குனிந்து வந்தார்கள். டிரைவர் எந்தச் சீமைக்காரனோ, இவர்களைப் பார்த்து வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கொடுத்தான். கூடை நிறைய நிறைய வேம்புலியம்மாள் அந்த அரை மூட்டையின் மேலேயே கொட்டினாள். முதல் மூட்டை நிறைந்தபோது பரந்தாமன் வண்டியோடு வந்து சேர்ந்தான். முகமெல்லாம் புழுதி. "சைதாப்பேட்டையில சக்கரம் ஒடைஞ்சு..." என்று ஆரம்பித்தான்.

"அப்பறமா சொல்லு. மூட்டையப் புடி," என்றாள் அவள்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது மூன்றாவது மூட்டையின் வாயைத் தைத்தாள். மூன்றும் வண்டியில் ஏறின. டேவிட் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி நேரம்தாம்மா இருக்கு" என்றார். கொல்லையின் கீழண்டைப் பாதி உழுதும் பொறுக்காமல் அப்படியே கிடந்தது, காய் பரப்பினதுபோல. நாலாவது சாக்கு அவள் கையில் இருந்தது. எண்ணெய்க்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகும், கையில் நாலு காசுக்கும் ஆகும். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கன்னியம்மாள் பக்கத்தில் கூலிப் பங்கு ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. இருபது பேருக்கு அதைப் பிரித்தால் ஆளுக்கு ரெண்டு கை வரும்.

வேம்புலியம்மாள் சாக்கை மடித்து வண்டிக்குள் போட்டாள். வரப்பின்மேல் ஏறி நின்றாள்.

"கொல்லை உட்டாச்சு!"

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கொல்லை உட்டாச்சு!"  இருபத்தைந்து வருஷம் பேசினது அந்தக் குரலில். மூன்றாவது தரம் கூவினது பாதி பேருக்குக் கேட்கவே இல்லை, ஏனென்றால் அதற்குள் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

 அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"எக்கா! இன்னா பண்ற நீ?" கன்னியம்மாள் அதட்டினாள். "உட்டுட்டு நெலக்காரி பொறுக்கக் கூடாது. கட்டு மறந்துபோச்சா?"

"நெலக்காரிதான பொறுக்கக் கூடாது? எங்கடி கீது என் நெலம்? காட்டு."

 கன்னியம்மாள் ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள். "இப்டி வா. மொதல்ல ரோலர் வர்ற பக்கமாப் பொறுக்கு. கடைசீல வந்தா அங்க ஒண்ணும் இருக்காது."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பொறுக்கினார்கள். ரோலர் உறுமிக்கொண்டு வரவும் எல்லோரும் வெளியே வந்து பனைமர நிழலில் உட்கார்ந்தார்கள். கன்னியம்மாளின் கூடை விளிம்பு தட்டியிருந்தது. வேம்புலியம்மாளின் மடியில் ரெண்டு கை காய். இடுப்பு கழன்றுவிட்டதுபோல வலித்தது.

"இவ்ளோதான் வந்துச்சா உனக்கு?" கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மூணு நாள் உங்கள நிக்க வெச்சேனே கன்னீ," என்றாள் வேம்புலியம்மாள். "தப்புதான்."

"ம். நின்னோம்," என்றாள் கன்னியம்மாள். அவள் லேசில் மன்னிக்கிற ஆள் இல்லை. ஒரு காயை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். பச்சையாக, இனிப்பாக இருந்தது. மென்றுகொண்டே வண்டியிலிருந்த மூன்று மூட்டைகளைப் பார்த்தாள்.

"காட்டுப்பாக்கத்துல களை எடுக்க, புடுங்க, ஆள் கீதா உனக்கு?"

"எங்க கீது? அங்க எனக்கு எங்கண்ணனத் தவிர யாரையும் தெரியாது."

"கூலி இன்னா?"

வேம்புலியம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். ரோலர் கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பியது. "ஆடி பொறந்ததும் வந்துடு," என்றாள். "கூலிய நீயே சொல்லு."

கன்னியம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "நான் எட்டுக்கு ஒண்ணுன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லேன்," என்றாள் வேம்புலியம்மாள்.